செலஸ்ட், சில்க்சாங்: சாவது பெரிய விஷயமில்லை, திரும்ப நடப்பதுதான்

குடியாத்தத்து நண்பன் ஒருவன் கேட்டான்: "மச்சி, சில்க்சாங் வாங்கட்டுமா? ஆடுறவன் எல்லாம் புலம்புறான். காசைக் கொடுத்துக் கடுப்பை வாங்கணுமா?" வாட்ஸ்அப்பில் பதில் அடிக்க ஆரம்பித்தேன், முடிகிற மாதிரி தெரியவில்லை, அதனால் இங்கேயே எழுதிவிடுகிறேன். இதோடு ஒப்பிட என்னிடம் செலஸ்ட் இருக்கிறது, ஒரு பெண் மலையேறுகிற கஷ்டமான ஜம்பிங் கேம், அதைப் பல வருடமாக விட்டுவிட்டு ஆடிக்கொண்டிருக்கிறேன். சில்க்சாங்கை 2025 செப்டம்பர் 4, அது வெளியாகி ஆன்லைன் கடைகள் எல்லாம் திணறிய அன்றிலிருந்து. கதை என்ன, கிராபிக்ஸ் எப்படி, எந்த மெஷினில் ஓடும் என்பதெல்லாம் தெரிந்ததுதான், அதற்குள் போகவில்லை. சாகச் சாக ஆடுவதில் சுகம் இருக்கிறதா, எரிச்சல்தான் மிச்சமா, அதை மட்டும் பேசுகிறேன்.

கஷ்டமான ஜம்பிங் கேம் நம் ஆட்களுக்குப் புதிதில்லை. பள்ளிக்கூட கம்ப்யூட்டர் லேபில் டேவ் ஆடாதவர் யார்? ஜான் ரொமேரோ உருவாக்கிய டேஞ்சரஸ் டேவ், மொத்தம் 10 லெவல், கோப்பையை எடுத்தால்தான் கதவு திறக்கும், சேவ் என்ற பேச்சே கிடையாது. உயிர் தீர்ந்தால் மறுபடி முதல் லெவல். லேப் பீரியட் முடிவதற்குள் ஜெட்பேக் வருகிற இடத்தைத் தொட்டவன் வகுப்பில் பெரிய ஆள். அந்தக் காலத்துக் கேம்கள் அப்படி இருந்ததற்குக் காரணமும் இருந்தது. ஆர்கேடில் நீ சீக்கிரம் செத்தால்தான் அடுத்த காசு விழும். வீட்டு மெஷினில் மெமரி குறைவு, கேம் சின்னது, கஷ்டமாக வைத்தால்தான் நீளும். 1985-ல் வந்த கோஸ்ட்ஸ் அண்ட் காப்ளின்ஸ் கடைசி வரை போனவனை மறுபடி முதலிலிருந்து ஆடிவிட்டு வா என்று திருப்பி அனுப்பியது. 1986-ல் ஜப்பானில் வந்த மாரியோ இரண்டாம் பாகத்தில் சாப்பிட்டால் சாகடிக்கிற விஷக் காளானே இருந்தது, அது ரொம்பக் கடினம் என்று வெளிநாடுகளுக்கு அனுப்பாமலே வைத்திருந்து 1993-ல்தான் மற்றவர் கைக்கு வந்தது.

இன்று காசு போடும் பெட்டி இல்லை, மெமரிப் பஞ்சமும் இல்லை. அப்படியிருக்க ஒருவன் வேண்டுமென்றே கஷ்டமாக ஒரு கேம் செய்கிறான் என்றால் அந்தக் கஷ்டம் எனக்கு எதையாவது கற்றுத்தர வேண்டும். இந்த ஒரு கணக்கில்தான் இரண்டையும் வைத்துப் பார்க்கிறேன்.

செலஸ்ட்டில் நான் செத்தது ஆயிரக்கணக்கில். கேமே எண்ணிக் காட்டுகிறது, இத்தனை முறை செத்தாயே என்று பெருமைப்படு, சாகச் சாகக் கற்றுக்கொள்கிறாய் என்று ஒரு அஞ்சலட்டையில் எழுதியும் நீட்டுகிறது. அது வெறும் ஆறுதல் வார்த்தையாக எனக்குப் படவில்லை, ஏனென்றால் கேம் அப்படித்தான் நடந்துகொள்கிறது. முள்ளில் பட்டதும் நாம் ஆடுகிற பெண் மேடலின் சிதறுகிறாள், கண்ணை மூடித் திறப்பதற்குள் அதே அறையின் வாசலில் நிற்கிறாள். பாட்டுகூட நிற்பதில்லை. என்ன தப்பு செய்தோம் என்பது விரலில் சூடாக இருக்கும்போதே அடுத்த முயற்சி. உள்ளே இன்னொரு வேலையும் சத்தமில்லாமல் நடக்கிறது. விளிம்பைத் தாண்டிக் கால் காற்றில் போன பிறகும் ஒரு நொடியில் பத்தில் ஒரு பங்கு நேரம் ஜம்ப் பட்டனை ஏற்றுக்கொள்ளும். தரையைத் தொடுவதற்குக் கொஞ்சம் முன்னாலேயே அழுத்திவிட்டாலும் ஞாபகம் வைத்திருந்து, தொட்டதும் குதிக்கும். மேலே போகும்போது தலை மூலையில் இடித்தால் சில பிக்சல் நகர்த்தி வழிவிடும். ஜம்ப்பை அழுத்திப் பிடித்தே இருந்தால் குதியின் உச்சியில் ஈர்ப்பு பாதியாகும், அந்த ஒரு கணத்தில் எங்கே இறங்கலாம் என்று யோசித்துக்கொள்ளலாம். இதெல்லாம் நடப்பது ஆடுகிறவனுக்குத் தெரியவே தெரியாது, நாம்தான் சரியாகக் குதித்தோம் என்று தோன்றும். பார்க்க முரட்டுத்தனமாக இருக்கிற ஒரு கேம் உள்ளுக்குள் இவ்வளவு தாராளமாக இருப்பதை வேறு எங்கும் நான் பார்த்ததில்லை.

ஏழாவது அத்தியாயத்தின் கடைசி ஏற்றத்தில் 30-லிருந்து இறங்குமுகமாக எண் போட்ட கொடிகள் வரும். மே மாதம், ஃபேன் காற்றே அனலாக இறங்குகிற ராத்திரி, லுங்கியில் கையைத் துடைத்துத் துடைத்து ஆடினேன். எண் ஒற்றை இலக்கத்துக்கு வந்தபோது, ஆரம்பத்தில் முடியவே முடியாது என்று நினைத்த டேஷ்களை (காற்றில் ஒரு திசைக்குச் சட்டென்று பாய்வது) யோசிக்காமலே போட்டுக்கொண்டிருந்தேன். அந்த ராத்திரிக்காகவே இந்த கேமுக்கு எவ்வளவு வேண்டுமானாலும் கொடுக்கலாம்.

செலஸ்ட்டை எளிதாக்கிக்கொள்ள உதவுகிற அசிஸ்ட் மோடு பற்றியும் சொல்லியாக வேண்டும், இதை வைத்து ஆட்கள் அடித்துக்கொள்கிறார்கள். வேகத்தைப் பாதி வரை குறைக்கலாம், டேஷை எண்ணில்லாமல் வைத்துக்கொள்ளலாம், சாகாமலே ஆடலாம். என் அக்கா பையன் அதைப் போட்டுக்கொண்டு, "மாமா, இவ பறக்கிறா பாருங்க" என்று மலை உச்சி வரை போய்விட்டான். அதனால் என் ஏற்றத்துக்கு என்ன குறைந்தது? சோளிங்கர் பெரிய மலைக்கு 1305 படி, 2024-லிருந்து ரோப் காரும் ஓடுகிறது. படியேறிப் போகிற தாத்தாவும் ரோப் காரில் போகிற குழந்தையும் பார்ப்பது ஒரே நரசிம்மரைத்தான், படியேறியவருக்கு முழங்கால் வலியும் கூட ஒரு திருப்தியும் கிடைக்கிறது, அதை யாரும் பிடுங்கவில்லை. கஷ்டத்தைக் காப்பாற்றுகிறேன் என்று அடுத்தவன் வழியை மறிக்கிறவர்களை எனக்குச் சுத்தமாகப் பிடிக்காது.

செலஸ்ட்டிலும் குறை உண்டு. 2019 செப்டம்பரில் இலவசமாக வந்த ஒன்பதாவது அத்தியாயம் ஃபேர்வெல், அங்கே சில அறைகள் நீளமோ நீளம். கடைசி அறையின் முடிவில் தவறினால் அந்த அறையை முழுசாகத் திரும்ப ஆட வேண்டும். அங்கே எனக்குக் கோபம் வந்தது, அதை மறைக்கவில்லை. ஆனாலும் ஆடுவது கடினமான பகுதியைத்தான், வெறும் நடையை இல்லை.

இப்போது சில்க்சாங். முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் நல்லது நிறைய இருக்கிறது. இதில் நாம் ஆடுகிற ஹார்னெட் நகர்கிற அழகுக்கு ஈடு இல்லை. ஓட்டம், விளிம்பைப் பிடித்து ஏறுவது, சாய்வாக ஊசியைக் குத்தி எகிறுவது, முதலில் கைக்கு வராத அந்தச் சாய்வுக் குத்து வந்துவிட்டால் பிறகு இதன் முதல் பாகமான பழைய ஹாலோ நைட்டுக்குத் திரும்பவே மனசு வராது. இதைச் செய்த டீம் செர்ரி ஒரு சின்னக் குழு, ஆஸ்திரேலியாவில் அடிலெய்டில் இருந்து வேலை செய்கிறார்கள், இந்த அளவுக்கு ஒரு உலகத்தை அவ்வளவு பேர் மட்டும் செய்திருக்கிறார்கள் என்பதை நினைத்தால் மலைப்பாக இருக்கிறது.

ஹன்டர்ஸ் மார்ச் என்ற பகுதியில் ஒரு பெஞ்ச் இருக்கிறது, இந்த கேமில் பெஞ்ச் என்றால் உட்கார்ந்து உயிரை நிரப்பிக்கொள்கிற இடம். எறும்புக் கூட்டத்திடம் அடி வாங்கி, ஒரு உயிர் மிச்சத்தில் வந்து, அப்பாடா என்று உட்கார்ந்தால் பெஞ்சே அடிக்கிறது. நிறைய பேர் இதைத் திட்டினார்கள். எனக்கு இது ரொம்பப் பிடித்தது. பொறியை நிறுத்துகிற வழி பக்கத்திலேயே ஒளித்து வைத்திருக்கிறார்கள், ஒருமுறை தெரிந்துகொண்டால் முடிந்தது, அதற்குப் பிறகு அந்த ஊரில் எதையும் நம்பக்கூடாது என்று புத்தி வந்துவிடுகிறது. கொடுமைதான், ஆனால் ஒரு விஷயத்தைச் சொல்கிற கொடுமை.

என் ஆத்திரம் முழுக்க நடையின் மேல்தான். சிட்டடல் என்ற கோட்டையின் வாசலைக் காக்கிற லாஸ்ட் ஜட்ஜ், சங்கிலியில் கட்டிய பெரிய தூபக்காலைச் சுழற்றி அடிக்கிற பாஸ் (வழியை மறிக்கிற பெரிய எதிரி), சண்டை அருமையான சண்டை. செத்தால் எழுந்திருப்பது கடைசியாக உட்கார்ந்த பெஞ்சில். அங்கிருந்து சுவர் ஏறி, பள்ளம் தாண்டி, பறந்து வருகிற பூச்சிகளை ஒதுக்கி, வழியிலேயே அடி வாங்காமல் மறுபடி வாசலுக்கு வர வேண்டும். கையிலிருந்த ஜெபமணிகள் (அந்த உலகத்துக் காசு) வேறு செத்த இடத்தில் கிடக்கும், எடுப்பதற்குள் இன்னொரு முறை செத்தால் அவையும் போச்சு. பாஸிடம் சாவது கொஞ்ச நேரத்தில், திரும்ப வருவது அதைவிட அதிக நேரத்தில். அந்த நடையில் புதிதாக எதுவும் இல்லை, எங்கே குதிக்க வேண்டும் என்று விரலுக்கே தெரியும், ஆனாலும் கவனம் சிதறினால் அடி. இதற்குள் அந்தத் தூபக்கால் எப்போது கீழே வரும் என்கிற நேரக் கணக்கு விரலை விட்டுப் போய்விடுகிறது.

பாதையைச் சுத்தமாக ஓடிக் கடப்பதும் ஒரு பயிற்சிதான், நடக்கும்போது கோபம் தணிகிறது, தோற்றதன் எடை அப்போதுதான் தெரியும் என்று சிலர் சொல்கிறார்கள். முதல் சில தடவைக்கு உண்மை. அந்தப் பாதையை வேகமாகக் கடக்கக் கற்றது எனக்குச் சந்தோஷமாகவே இருந்தது. அதற்குப் பிறகு அது தண்டனை மட்டும்தான். வெளியான கொஞ்ச நாளிலேயே ஒரு அப்டேட் வந்தது, மூர்விங், சிஸ்டர் ஸ்ப்ளின்டர் என்ற ஆரம்பகட்ட பாஸ்களை இளக்கினார்கள், ஜெபமணியும் கொஞ்சம் தாராளமாகக் கிடைத்தது. பாஸ் இளகுவதை நான் கேட்கவே இல்லை. இன்னும் முரட்டு அடி அடிக்கட்டும், பெஞ்சை மட்டும் வாசலுக்குப் பக்கத்தில் போடுங்கள்.

நடுவில் கன்ட்ரோலர் வேறு படுத்தியது. இடது ஸ்டிக் தானாக வலது பக்கம் இழுக்க ஆரம்பித்தது, செலஸ்ட்டில் நேர் மேலே போட வேண்டிய டேஷ் சாய்வாகப் போய் முள்ளில் விழுந்தது. கீபோர்டில் அதே அறையை ஆடிப் பார்த்தேன், டேஷ் நேராகப் போனது, ஆக ஸ்டிக்தான் போயிருக்கிறது. தோட்டப்பாளையத்துப் பக்கம் மொபைல் ரிப்பேர் பார்க்கிற அண்ணன் ஒருவரிடம் கொடுத்தேன். கழற்றியதும் ஸ்டிக்கைச் சுற்றி வெள்ளைத் தூளாக இருந்தது. "இன்னா தம்பி, பிளாஸ்டிக்கே தேஞ்சு மாவா கீது, இன்னா கேம் ஆடுற?" என்றார். ஊதிவிட்டு, பழையதன் ஈயத்தை உருக்கி எடுத்து, புது ஸ்டிக்கை வைத்து அங்கேயே சோதித்துக் கொடுத்தார். நல்ல கை.

அது சரியானதும் இரண்டு கேமையும் மாறி மாறி ஆடினேன், அதனால்தான் இவ்வளவு உறுதியாக எழுதுகிறேன்.

சரி மச்சி, உனக்குப் பதில். இரண்டில் பெரிய கேம் சில்க்சாங்தான், இன்னும் பல வருடம் பேசப்படும், நானும் இன்று ராத்திரி அதைத்தான் ஆடப் போகிறேன். ஆனால் நீ இப்போது வாங்காதே. பேரணாம்பட்டு ஷூ கம்பெனியில் ஷிப்ட் முடித்து பஸ் பிடித்து வீட்டுக்கு வருகிறவன், சாப்பிட்டுவிட்டு ஒரு மணி நேரம் ஆடினால் அதில் பாதி நடையிலேயே போய்விடும், அதற்கு எவனும் உனக்கு ஓவர்டைம் தரமாட்டான். செலஸ்ட் வாங்கு, அடிக்கடி விலை குறைகிறது. பொங்கல் லீவில் நான்கு நாள் கையில் இருந்தால் அப்போது சில்க்சாங்கைப் பார்க்கலாம். கன்ட்ரோலர் வாங்கும்போது ஹால் எஃபெக்ட் ஸ்டிக் என்று போட்டிருக்கிறதா என்று பார்த்து வாங்கு, அதில் காந்த சென்சார், சாதாரண ஸ்டிக்கில் இருக்கிற கார்பன் பட்டை உரசித் தேய்கிற வேலை அதில் இல்லை. செலஸ்ட்டில் எட்டுத் திசைக்கும் டேஷ் போட வேண்டும், ஸ்டிக் கொஞ்சம் இழுத்தாலும் ஆட முடியாது.