ஜாடி சரி, மூடிதான் சரியில்லை: பீங்கான் ஜாடிகளுடன் ஓராண்டு

சென்ற ஆண்டு மாசி மாதம், மாவடு கடைத்தெருவுக்கு வந்த முதல் வாரத்தில், திருச்சியிலுள்ள எங்கள் அடுக்குமாடி வீட்டுச் சமையலறைக்காக நான்கு பீங்கான் ஜாடிகள் வாங்கினேன். மேற்பாதி பழுப்பும் கீழ்ப்பாதி வெள்ளையுமாகப் பாட்டி வீடுகளில் பார்த்துப் பழகிய அதே ஜாடிகள்தான். 5 கிலோ ஜாடி 780 ரூபாய், 2 கிலோ 390, 1 கிலோ 230, அரைக் கிலோ 140. கிலோக் கணக்கு என்பது உள்ளே கொள்ளும் ஊறுகாயின் தோராயமான எடையே தவிர ஜாடியின் எடை அல்ல. வீட்டுக்கு வந்து தராசில் வைத்தபோது பெரிய ஜாடி வெறுமையாகவே 4 கிலோவுக்கு மேல் இருந்தது. அதைப் பரணில் ஏற்றி வைக்கலாம் என்று போட்டிருந்த திட்டம் அன்றே கைவிடப்பட்டது.

இவை உத்தரப் பிரதேசத்தின் புலந்த்சகர் மாவட்டத்திலுள்ள குர்ஜாவிலிருந்து வந்தவை என்று கடைக்காரர் சொன்னார். பீங்கானுக்குப் பெயர்பெற்ற ஊர் அது. நம் விருத்தாசலத்திலும் பீங்கான் தொழில் இருக்கிறது என்றாலும், அங்கே செய்த ஊறுகாய் ஜாடி எதுவும் அந்தக் கடையில் இல்லை. கேரளத்தில் இதைப் பரணி என்கிறார்கள். வட இந்தியாவில் மர்த்தபான் என்ற பெயர் வழங்குகிறது. ஒரு காலத்தில் பெரிய ஜாடிகளைக் கப்பலேற்றி அனுப்பிய பர்மாவின் மர்த்தபான் துறைமுகமே அந்தப் பெயருக்குக் காரணம்.

ஜாடியின் உடலைப் பற்றி எனக்குக் குறை ஏதும் இல்லை. 1,200 டிகிரி செல்சியசுக்கு மேல் சுட்ட களிமண் இறுகிக் கல்லைப்போல் ஆகிவிடுவதால் அது தண்ணீரை உறிஞ்சுவதில்லை. மேலே கண்ணாடிபோல் உருகிப் படிந்திருக்கும் பூச்சு புளிப்புக்கும் உப்புக்கும் அசைந்து கொடுப்பதில்லை. எவர்சில்வர் பாத்திரத்தில் உப்பு ஊறுகாயை மாதக்கணக்கில் வைத்தால் அடியில் ஊசி குத்தியதுபோல் புள்ளிகள் விழும். அலுமினியத்தைப் புளி அரித்துவிடும். பிளாஸ்டிக் டப்பாவோ ஒரு முறை ஆவக்காய் போட்டால் ஆயுள் முழுவதும் ஆவக்காய் மணத்தோடுதான் இருக்கும். இந்த ஜாடியில் மாவடு தீர்ந்தபின் கழுவிக் காயவைத்து வெல்லம் போட்டேன். வெல்லத்தில் கடுகு வாசனையின் சாயல்கூட இல்லை. மூடியில் மட்டும் இருந்தது. அந்தக் கதையைப் பிறகு சொல்கிறேன்.

முதல் சோதனை மாவடுதான். 3 கிலோ வடுவைக் கழுவி, துணியில் பரப்பி ஈரம் போகத் துடைத்து, விளக்கெண்ணெயில் புரட்டி, கிலோவுக்கு 150 கிராம் கணக்கில் வறுத்த கல்லுப்பும், மஞ்சள்தூளும், பொடித்த கடுகும், வரமிளகாயும் அடுக்கடுக்காகப் போட்டுப் பெரிய ஜாடியில் நிரப்பினேன். மறுநாளே உப்பு நீர் விடத் தொடங்கியது. இங்கேதான் இந்த ஜாடியின் முதல் சங்கடம் தெரிந்தது. வடுவை ஒவ்வொரு நாளும் குலுக்கிவிட வேண்டும் என்பது அம்மாவின் விதி. ஆனால் ஜாடியும் சரக்கும் சேர்ந்து ஏழு கிலோவைத் தாண்டியதைத் தூக்கிக் குலுக்குவது என் கைக்கு ஆகாத காரியம். நீண்ட காம்புள்ள மரக்கரண்டி ஒன்றை இதற்கென்றே ஒதுக்கி, காலையும் மாலையும் அடியிலிருந்து மேலே புரட்டிவிட்டேன். இரண்டு நாள் ஊருக்குப் போய் அதைத் தவறவிட்டபோது, நீருக்கு மேலே தலைநீட்டிக்கொண்டிருந்த வடுக்களின்மீது வெள்ளையாக ஓர் ஆடை படர்ந்துவிட்டது. அதை வழித்தெடுத்து, தண்ணீரை வடித்துக் காய்ச்சி ஆறவைத்து மறுபடி ஊற்ற வேண்டியதாயிற்று. அது ஜாடியின் பிழையன்று. ஆனால் கண்ணாடிக் குடுவையாக இருந்திருந்தால் ஆடை படரத் தொடங்கியதுமே வெளியிலிருந்து பார்த்திருப்பேன். உள்ளே நடப்பதை மறைப்பது பீங்கானின் குணம். வெளிச்சம் படாததால் நிறமும் எண்ணெயும் கெடாமல் இருப்பது அதே குணத்தின் நல்ல பக்கம்.

மூன்றாவது வாரத்தில் வடு சுருங்கி, கடித்தால் நறுக்கென்று இருந்தது. அதற்குள் பங்குனி வந்து, கடைகளில் புதுப்புளியும் வந்துவிட்டது. கொட்டையும் கோதும் நீக்கி இரண்டு நாள் வெயிலில் காயவைத்த புளியை, இடையிடையே கல்லுப்புத் தூவி, 2 கிலோ ஜாடியில் கையால் அழுத்தி அடைத்தேன். இந்தப் பொருளுக்கு இதைவிடப் பொருத்தமான பாத்திரம் இல்லை என்றே சொல்வேன். 2 கிலோ ஜாடியின் வாய் என் கை மணிக்கட்டுவரை நுழையும் அளவு அகலம். அடைப்பதும் எடுப்பதும் எளிது. 1 கிலோ ஜாடியில் நான்கு விரல்தான் போகும். அதன் அடியைக் கழுவ, குச்சியில் துணி சுற்றித்தான் தேய்க்க வேண்டியிருக்கிறது.

மே 4 முதல் 28 வரையிலான அக்கினி நட்சத்திர நாட்களில் ஜாடிகளுக்கு அதிக வேலை இல்லை, மொட்டைமாடிக்குத்தான் வேலை. கூழ் வடாம், சுண்டைக்காய் வற்றல், மோர் மிளகாய் ஆகியவற்றைக் காயவைத்து எடுத்தேன். இவற்றில் மோர் மிளகாய்க்கு மட்டும் ஜாடி உதவியது: கீறிய மிளகாயை உப்புப் போட்ட மோரில் இரவு முழுவதும் ஊறவைத்து, பகலில் காயவைத்து, மாலையில் அதே மோரில் திரும்பப் போடுவதற்கு 2 கிலோ ஜாடி சரியான அளவாக இருந்திருக்கும், ஆனால் அதில் புளி இருந்தது. பெரிய ஜாடியில் மாவடு. ஆகவே மிச்சமிருந்த 1 கிலோ ஜாடியில் பாதிப் பாதியாகப் போட்டுச் சமாளித்தேன். எந்த ஜாடியை எந்த மாதம் காலி செய்ய வேண்டும் என்று முன்கூட்டியே யோசித்திருக்க வேண்டும் என்பது அப்போதுதான் உறைத்தது. வாங்கியவுடனே ஒவ்வொரு ஜாடிக்கும் ஒரு பொருளை நிரந்தரமாக ஒதுக்கிப் பெயர்ச்சீட்டு ஒட்டியதுதான் நான் செய்த முதல் தவறு. இப்போது சீட்டில் பொருளின் பெயரோடு போட்ட தேதியையும் தீர வேண்டிய மாதத்தையும் எழுதி, கழுத்தில் நூல் கட்டித் தொங்கவிடுகிறேன். சித்திரைக்குள் மாவடுவை 2 கிலோ ஜாடிக்கும், புளியை ஒரு மண்பானைக்கும் மாற்றிவிட்டால், வைகாசியில் ஆவக்காய்க்குப் பெரிய ஜாடி கிடைத்துவிடும்.

ஆவக்காயில் இந்த ஜாடி நூற்றுக்கு நூறு. கடுகுப்பொடி, மிளகாய்ப்பொடி, உப்பு மூன்றும் கலந்த மாங்காய்த் துண்டங்கள் மூழ்கும்வரை நல்லெண்ணெய் ஊற்றி வைத்தேன். புரட்டாசியில் திறந்தபோதும் எண்ணெய் சிக்கு வாடை அடிக்கவில்லை. ஆடி, ஆவணி மாதங்களைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. காற்றில் பறந்த தூசியை மூடி தடுத்தது.

ஐப்பசி பிறந்து வடகிழக்குப் பருவமழை பிடித்துக்கொண்டதும்தான் மூடியின் சாயம் வெளுத்தது. ஜாடிக்கேற்ற மூடி என்று நாம் சொல்வது மனிதர்களைப் பற்றித்தான் போலும். இந்த நான்கு ஜாடிகளில் ஒன்றுக்குக்கூட மூடி சரியாகப் பொருந்தவில்லை. மூடியை வைத்துத் திருப்பிப் பார்த்தால் ஒரு பக்கம் உட்கார்ந்து மறுபக்கம் ஆடுகிறது. அரைக் கிலோ ஜாடியின் இடைவெளியில் ஒரு சீட்டுக்கட்டு அட்டை நுழைந்துவிடும். சூளையில் ஒட்டிக்கொள்ளாமல் இருப்பதற்காக ஜாடியின் விளிம்பிலும், மூடி அமரும் இடத்திலும் பூச்சு போடாமல் விட்டுவிடுகிறார்கள். அந்தச் சொரசொரப்பான வளையம்தான் எண்ணெயையும் மிளகாய் நிறத்தையும் பிடித்துக்கொள்கிறது, மழைக்காலத்தில் பூஞ்சையும் முதலில் அங்கேதான் தொடங்குகிறது. கார்த்திகை முதல் வாரத்தில், 1 கிலோ ஜாடியிலிருந்த வெல்லம் கசிந்து அடியில் பாகாக நின்றது. அரைக் கிலோ ஜாடியிலிருந்த கல்லுப்பு நீர்த்து, கரண்டியில் எடுக்கச் சொட்டியது. அதே நாட்களில் புளிக்கும் ஆவக்காய்க்கும் ஒன்றும் ஆகவில்லை. உப்பும் எண்ணெயும் தாமாகவே காவல் காக்கும் பொருள்களுக்கு இந்த மூடி போதும். காற்றின் ஈரத்தை இழுத்துக்கொள்ளும் எதற்கும் இது போதாது. ரவை, அப்பளம், வடாம், குழம்புப் பொடி ஆகியவற்றை இதில் போட நினைப்பவர்கள் அந்த எண்ணத்தை விட்டுவிட்டு, அழுத்தமான மூடியுள்ள எவர்சில்வர் டப்பாக்களை எடுத்துக்கொள்வது நல்லது.

மூடி போதாது என்பது பழைய வீடுகளுக்குத் தெரியாத செய்தி அல்ல. அதனால்தான் வேடு கட்டினார்கள். வெள்ளை மல் துணியை நான்காக மடித்து ஜாடியின் வாயில் போர்த்தி, கழுத்தில் கயிற்றால் இறுகச் சுற்றி, அதன்மேல் மூடியைக் கவிழ்த்தால் ஆட்டமும் நிற்கிறது, இடைவெளியும் அடைபடுகிறது. ஜாடியின் கழுத்தில் உள்ள பள்ளம் அந்தக் கயிறு நழுவாமல் இருப்பதற்காக வைத்தது என்பதே வேடு கட்டிய பிறகுதான் எனக்குப் புரிந்தது. அதுவரை அதை அழகுக்கு என்று நினைத்திருந்தேன். மழைக்காலத்தில் துணியை வாரம் ஒரு முறை மாற்றி, மாற்றிய துணியை வெந்நீரில் அலசி உலர்த்த வேண்டும். ஈரத்துணியில் கட்டிய வேடு, கட்டாததைவிட மோசம். சூளையில் சுடும்போது பீங்கான் சுருங்குவதால் ஒவ்வொரு மூடியும் கச்சிதமாக அமைவது கடினம் என்பது புரிகிறது. ஆனாலும் 780 ரூபாய் கொடுத்த பொருளுக்கு, விளிம்பைச் சற்றுத் தேய்த்துச் சமன் செய்து தந்திருக்கலாம்.

சமையலறையில் இவற்றுக்கு இடம் பிடிப்பதும் ஒரு வேலைதான். எங்கள் மேடைக்குக் கீழே கடப்பைக் கல் தடுப்புகள் உண்டு; அடித்தட்டில் பெரிய ஜாடி, அதன் பக்கத்தில் 2 கிலோ ஜாடி, இரண்டுக்கும் கீழே மடித்த சாக்கு. தரையோடு வைத்தால் மழைக்காலத்தில் கீழிருந்து குளிர்ச்சி ஏறி வெளிப்புறம் வியர்க்கிறது. சாக்கு அதைத் தடுத்ததோடு, இழுக்கும்போது கல்லில் உரசாமலும் காத்தது. அடுப்புக்கு நேர் கீழேயுள்ள தடுப்பைத் தவிர்த்தேன். தினமும் கைபடும் சிறு ஜாடிகள் மட்டும் மேடைமேல் இருக்கின்றன. பெரிய ஜாடியிலிருந்து பதினைந்து நாளைக்குத் தேவையானதை மட்டும் சிறு ஜாடிக்கு மாற்றிக்கொண்டு, பெரியதை மறுபடி வேடு கட்டி வைத்துவிடுவதால், ஈரக்கரண்டி அதற்குள் போகும் வாய்ப்பே இல்லை. வீட்டில் நான்கு பேர் கையை விடும் ஊறுகாய் கெடுவதற்கு இந்த ஈரக்கரண்டியைவிடப் பெரிய காரணம் எனக்குத் தெரியவில்லை.

மார்கழியில் ஒரு ஜாடி போயிற்று. வெல்லக் கசிவு பிசுபிசுத்த 1 கிலோ ஜாடியைச் சுத்தம் செய்ய, விடியற்காலைக் குளிரில் சில்லென்றிருந்த பீங்கானில் கொதிக்கும் நீரை அப்படியே ஊற்றினேன். டிக்கென்று ஒரு சத்தம். கழுத்திலிருந்து அடிவரை மயிரிழைபோல் ஒரு விரிசல். தவறு முழுவதும் என்னுடையது. பீங்கான் சூட்டைத் தாங்கும், திடீர் சூட்டைத் தாங்காது. தாளித்த எண்ணெயையும் கை பொறுக்கும் சூட்டுக்கு வந்த பிறகே இதில் ஊற்ற வேண்டும்.

தை மாதத்து இளவெயிலில், வளையம் பிரியாமல் சுருளாக அரிந்து உப்பு அடைத்த நார்த்தங்காய் போட்டேன். பகலில் தட்டிலும் இரவில் ஜாடியின் உப்பு நீரிலுமாகப் பத்து நாள் மாறி மாறி இருந்து பதமானது. விட்ட நீரை அது முழுவதுமாகத் திரும்ப உறிஞ்சிக்கொள்ள ஜாடி உதவியது. களிமண் பானையாக இருந்திருந்தால் பாதியைப் பானை குடித்திருக்கும்.

இந்தப் பங்குனியில் உடைந்ததற்குப் பதிலாக, 1 கிலோவை விட்டுவிட்டு, இன்னொரு 2 கிலோ ஜாடி வாங்கினேன். இரண்டு பேர் மட்டும் இருக்கும் வீட்டுக்கு 2 கிலோவில் இரண்டே போதும். 5 கிலோ ஜாடி, ஆண்டுக்கு ஒருமுறையாவது நிறைய ஊறுகாய் போட்டு உறவினருக்கும் கொடுக்கும் வீட்டுக்குத்தான் பொருந்தும். இம்முறை கடையில் அரை மணி நேரம் செலவிட்டேன். விரல் கணுவால் தட்டிக் கணீரென்று ஒலித்தவற்றை மட்டும் தனியே வைத்தேன். மந்தமாக ஒலிப்பது சரியாகச் சுடாததாகவோ விரிசல் விட்டதாகவோ இருக்கும். பிறகு அவற்றைக் கவிழ்த்து, பூச்சில்லாத அடி வளையத்தில் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டு, அது உறிஞ்சப்படாமல் நின்ற ஜாடிகளை வைத்துக்கொண்டேன். உட்புறத்தில் பளிச்சென்ற வண்ணப் பூச்சு இருந்தவற்றை விலக்கினேன், ஏனெனில் குறைந்த சூட்டில் சுட்ட மலிவான வண்ணப் பூச்சுகளில் ஈயம் கலந்திருந்தால் புளிப்பு அதைக் கரைத்து ஊறுகாயில் சேர்த்துவிடும். கடைசியாக, கடைக்காரர் முகம் சுளித்தாலும் பரவாயில்லை என்று, மிஞ்சிய ஐந்து ஜாடிகளின் மூடிகளை ஒன்றுக்கொன்று மாற்றி மாற்றி வைத்துப் பார்த்தேன். நான்காவது ஜாடிக்கு இரண்டாவதன் மூடி ஆடாமல் உட்கார்ந்தது. அதையே வாங்கி வந்தேன். இருந்தாலும் ஐப்பசிக்கு வேடு துணி தயாராகவே இருக்கிறது.