அரியணை எட்டாத இரண்டு ஹாப்ஸ்பர்க் சகோதரர்கள்: என் ஓட்டு அண்ணனுக்கு

எங்கள் வாசிப்பு வட்டத்தில், ஆஸ்திரியாவை ஆண்ட ஹாப்ஸ்பர்க் வம்சத்து இளவரசர்களில் அதிகம் பேசப்படாத ஒருவரைப் பற்றி நான் பேச வேண்டியிருந்தது. அண்ணன் லூட்விக் சால்வட்டோரா, தம்பி யோஹான் சால்வட்டோரா என்று மனம் கொஞ்ச நாள் ஊசலாடியது. கடைசியில் லூட்விக்கை எடுத்துக்கொண்டேன்.

இருவரும் இத்தாலியின் டஸ்கனியை ஆண்ட இரண்டாம் லியோபோல்டின் பிள்ளைகள். புளோரன்ஸில் பிறந்தவர்கள், அண்ணன் 1847, தம்பி 1852. 1859-இல் குடும்பம் டஸ்கனியை இழந்தது. அப்புறம் பட்டம் இருந்தது, மானியம் இருந்தது, ஆள நாடுதான் இல்லை. வம்சத்தின் 1839 சட்டப்படி கல்யாணம் செய்வதற்கும் பேரரசரின் சம்மதம் வேண்டும்.

யோஹானின் கதை ஒரே மூச்சில் படிக்க வைக்கும். ராணுவத்தில் இருந்துகொண்டே ராணுவத்தை விமர்சித்தார். சிப்பாய்க்கு வெறும் கவாத்து போதாது, கல்வி வேண்டும் என்று 1883-இல் உரையாற்றினார். மறு ஆண்டு பட்டத்து இளவரசர் ருடால்ஃபுடன் சேர்ந்து, ஆவிகளை வரவழைப்பதாகச் சொன்ன ஒருவரைக் கையும் களவுமாகப் பிடித்தார். 1887-இல் ராணுவப் பதவி போனது. 1889-இல் பட்டத்தைத் தானே துறந்து யோஹான் ஓர்த் ஆனார். கப்பல் வாங்கினார். 1890 ஜூலையில் அர்ஜென்டினாவிலிருந்து சிலிக்குக் கிளம்பிய அந்தக் கப்பல் தென் அமெரிக்காவின் தென்கோடியான கேப் ஹார்ன் பக்கம் அவரோடு காணாமல் போனது. 1911-இல்தான் சட்டப்படி இறந்தவராக அறிவித்தார்கள்.

சரி, இவ்வளவு இருந்தும் ஏன் லூட்விக்? எனக்கு முடிவைத் தீர்த்தது ஒன்றுதான்: கைக்கு வந்த மானியத்தை என்ன செய்தார் என்பது. தம்பி எல்லாவற்றையும் உதறினார். அந்த விடுதலை ஒரு வருடம்கூட நீடிக்கவில்லை. அண்ணன் எதையும் உதறவில்லை. பட்டத்தையும் வருமானத்தையும் வைத்துக்கொண்டு, வியன்னாவிலிருந்து எட்டிப் போய் மத்தியதரைக் கடலில் வாழ்ந்தார். 1867-இல் நியூடோர்ஃப் பிரபு என்ற பெயரில் ஸ்பெயினின் பலேரிக் தீவுகளுக்குப் போனவர், 1872-இல் அவற்றில் ஒன்றான மயோர்காவில் மிராமர் தோட்டத்தை வாங்கினார். பிறகு அந்த வடமேற்குக் கரையில் தோட்டம் தோட்டமாக வாங்கிச் சேர்த்தார். தன் நிலத்தில் மரம் வெட்டக் கூடாது என்பது அவர் போட்ட கட்டளை. மலைப்பாதைகள் அமைத்தார். வழிப்போக்கர்கள் மூன்று நாள் இலவசமாகத் தங்க விடுதி நடத்தினார்.

அந்தத் தீவுகளைப் பற்றி அவர் எழுதிய நூல் ஏழு தொகுதிகள். 1869 முதல் 1891 வரை வெளிவந்தன. அதற்கு அவர் தகவல் சேர்த்த விதம்தான் என்னை அசத்தியது. உடை, உணவு, வீடு, பயிர், பழக்கவழக்கம் என்று பிரித்து நீண்ட வினாப் பட்டியல் ஒன்றை அச்சடித்து, உள்ளூர் விஷயம் தெரிந்தவர்களிடம் கொடுத்துப் பதில் வாங்கினார். படங்களுக்கு அடிப்படை அவரே போட்ட கோட்டோவியங்கள். ஏழு தொகுதியையும் நான் முழுதாகப் படித்ததில்லை. மொழிபெயர்ப்பில் சில பகுதிகள்தான். அவற்றிலேயே சாதாரண விவசாயியின் ஏரும் அடுப்பும் அவ்வளவு அக்கறையாகப் பதிவாகியிருக்கின்றன.

சோன் மரோய்ச் தோட்டத்தை அதிக விலைக்கு வாங்கிவிட்டாரே என்று ஒருவர் கேட்டாராம். கீழே கடலோரப் பாறையில் பெரிய துளை ஒன்று உண்டு. அந்தத் துளைக்கே இந்த விலை காணாது என்றாராம் லூட்விக். ஊர்ப் பேச்சு இது. சாட்சியமாக எடுத்துக்கொள்ள மாட்டேன். தச்சர் ஒருவரின் மகளும் அவருடைய திராட்சைத் தோட்டத்தைக் கவனித்தவருமான கத்தாலினா ஓமருடன் இருந்த நெருக்கம் பற்றியும் நிறையப் பேசுகிறார்கள். அதில் எது உண்மை, எது பின்னால் சேர்ந்தது என்று தீர்ப்புச் சொல்லும் அளவுக்கு நான் படித்திருக்கவில்லை.

ஒன்றை ஒத்துக்கொள்ள வேண்டும். லூட்விக்கின் சுதந்திரம் பேரரசர் கண்டுகொள்ளாமல் விட்டதால் கிடைத்தது. முதல் உலகப் போர் மூண்டபோது அவர் பொஹீமியாவில் (இன்றைய செக் நாட்டில்) குடும்பத்துக்குச் சொந்தமான பிராண்டிஸ் கோட்டையில் போய் இருந்து, 1915-இல் அங்கேயே இறந்தார். அதிகாரத்தின் முகத்துக்கு நேராகப் பேசியவர் தம்பிதான். அந்த 1883 உரையை மட்டும் தனியாக எடுத்து வட்டத்தில் இன்னொரு நாள் பேசலாம் என்றிருக்கிறேன்.