என்ஜின் வேலைக்கு வண்டி விடுகிறீர்களா? ‘ரன்னிங்’ என்ற பெயரில் ஏமாந்துவிடாதீர்கள்

பழைய காருக்கு ஃபுல் என்ஜின் வேலை பார்க்கக் கொடுத்திருப்பவர்களும், கொடுக்கலாமா என்று யோசிப்பவர்களும் இதைக் கடைசிவரை படித்துவிடுங்கள். ‘ரன்னிங்’ என்பது, வேலை முடிந்த என்ஜினை முதல் ஆயிரம் கிலோமீட்டர் வாக்கில் பக்குவமாக ஓட்டிப் பழக்குவது. 34,500 ரூபாயும் நான்கு மாதமும் போன பிறகு எழுதுகிறேன்.

வண்டி, அப்பா வாங்கிய மாருதி 800. 1999 மாடல், கார்புரேட்டர். காலையில் ஸ்டார்ட் செய்தால் நீலப் புகை. ஐந்நூறு கிலோமீட்டருக்கு ஒரு லிட்டர் ஆயில் குடித்தது. எஃப்சி தேதியும் நெருங்கியது. அப்பா கையில் இருந்த வண்டி என்பதால் விற்க மனம் வரவில்லை. மதுரையில் ஓர் ஒர்க்‌ஷாப்பில் கொண்டுபோய் விட்டேன். புகார் நடந்துகொண்டிருப்பதால் பெயரை எழுதவில்லை.

“போரிங் போட்டு, 50 ஓவர்சைஸ் பிஸ்டன் செட்டு, ரிங்கு, பேரிங்கு, ஹெட்டு வேலை எல்லாம் பாத்துத் தர்றேன் சார். புது வண்டியாட்டம் ஓடும்” என்றார் ஓனர். போரிங் என்றால் தேய்ந்த சிலிண்டரைக் கடைந்து அகலமாக்குவது. 50 ஓவர்சைஸ் என்றால் அதற்கேற்ப 0.50 மில்லிமீட்டர் பெரிய பிஸ்டன். ரிங் என்பது பிஸ்டனைச் சுற்றியிருக்கும் வளையம். பன்னிரண்டாம் நாள் போன் வந்தது. “ரெண்டு நாளா ஐடில்லயே ஓடவிட்டு ரிங்க செட் பண்ணியாச்சு. நீங்க ஆயிரம் கிலோமீட்டர் வரைக்கும் 40-ஐத் தாண்டாதீங்க, அவ்வளவுதான்.” நின்ற இடத்திலேயே, ஆக்சிலேட்டர் கொடுக்காமல் ஓடவிடுவதுதான் ஐடில். எவ்வளவு அக்கறையாகச் செய்கிறார்கள் என்று எனக்கு மகிழ்ச்சிதான். போய்ப் பார்த்தபோது வண்டி ஷெட்டில் நின்று உறுமிக்கொண்டிருந்தது. சைலன்சர் வாய்க்குக் கீழே சிமென்ட் தரையில் உள்ளங்கை அகலத்துக்குக் கருப்பாய் எண்ணெய்ப் புள்ளிகள் தெறித்திருந்தன. புது ரிங் போட்ட என்ஜின் ஏன் இப்படித் துப்புகிறது என்று அங்கேயே கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை.

சொன்ன சொல் தவறாமல் 40-லேயே ஓட்டினேன். புகை நிற்கவில்லை. ஆயில் கேஜைத் துடைத்துவிட்டு நுழைத்தால் வாரத்துக்கு வாரம் அளவு இறங்கியிருந்தது. போய்ச் சொன்னால், “ரிங் இன்னும் செட் ஆகல சார், இன்னொரு ஐந்நூறு ஓடட்டும்.” அதையும் ஓட்டினேன். 1,800 கிலோமீட்டரில் மறுபடி போய் நின்றேன். இடையில் ஒரு நாள் ராத்திரி அம்மாவுக்கு மூச்சுத் திணறல் வந்து, ஆஸ்பத்திரிக்கு 70-இல் ஓட்டிப் போனதை மறைக்காமல் சொன்னேன். அதைப் பிடித்துக்கொண்டார். “அப்படிச் சொல்லுங்க. ரன்னிங்ல விரட்டிட்டீங்க. இதுக்கு நாங்க பொறுப்பில்ல.”

என்னைப்போலப் பலரும் மாட்டுவது இந்த இடத்தில்தான். புது என்ஜின் புகைத்தால் ‘செட் ஆகணும்’ என்பார்கள். நாள் கடந்தால் ‘விரட்டிட்டீங்க’ என்பார்கள். எந்த நாளில் போய் நின்றாலும் அவர்களுக்கு ஒரு பதில் தயாராக இருக்கும். வேலை சரியாக நடந்ததா என்ற கேள்வி மட்டும் எழவே எழாது.

நண்பர் ஒருவர் சொல்லி, திண்டுக்கல்லில் வயதான மெக்கானிக் ஒருவரிடம் கொண்டுபோனேன். அவர் பேசவே இல்லை. மூன்று ப்ளக்கையும் கழற்றி, சிலிண்டருக்குள் அழுத்தம் எவ்வளவு என்று காட்டும் கம்ப்ரெஷன் கேஜை வைத்து, என்னை ஆக்சிலேட்டரை முழுக்க மிதித்துக்கொண்டு செல்ப் அடிக்கச் சொன்னார். 120, 115, மூன்றாவதில் 95 psi காட்டியது. பிறகு ஒவ்வொரு ப்ளக் துளையிலும் ஒரு ஸ்பூன் என்ஜின் ஆயிலை விட்டு மறுபடி பார்த்தார். மூன்றும் 150-ஐ ஒட்டி ஏறின. “வால்வுல போனா இது ஏறாது தம்பி. ரிங் வழியா போகுது. ஹெட்டத் தொறந்து பாத்துருவோம்.”

ஹெட்டை எடுத்ததும் ஒரு பழைய பிளேடால் பிஸ்டன் தலையில் படிந்திருந்த கரியை மெல்லச் சுரண்டினார். ஓவர்சைஸ் பிஸ்டன் என்றால் தலையிலேயே 0.25, 0.50 என்று அளவைக் குத்தியிருப்பார்கள். கரி உதிர உதிர நான் குனிந்து பார்த்துக்கொண்டே இருந்தேன். எண்ணே இல்லை, மூன்றிலும் இல்லை. சிலிண்டரின் உள்விட்டத்தை அளக்கும் போர் கேஜை இறக்கினார். இந்த என்ஜினின் ஒரிஜினல் போர், அதாவது உள்விட்டம், 68.5 மில்லிமீட்டர். 50 ஓவர்சைஸ் என்றால் 69 இருக்க வேண்டும். 68.5-க்கு மேல் தேய்மானம் மட்டும்தான் இருந்தது. போரிங்கும் போடவில்லை, பிஸ்டனும் மாற்றவில்லை. பழைய பிஸ்டனில் ரிங்கை மட்டும் மாற்றி, சிலிண்டரை எமரி பேப்பரால் மேலும் கீழுமாகத் தேய்த்திருக்கிறார்கள். நேர்கோடாக அந்தக் கீறல்கள் அங்கங்கே தெரிந்தன. மற்ற இடமெல்லாம் கண்ணாடிபோல் பளபளத்தது. “இந்தப் பளபளப்பப் பாத்து சந்தோசப்படாதீங்க தம்பி. இதுதான் வியாதி” என்றார்.

அவர் விளக்கியதையும், பிறகு நான் தேடிப் படித்ததையும் சேர்த்துச் சொல்கிறேன். போரிங் முடிந்ததும் சிலிண்டர் சுவரைக் கல்லால் தேய்ப்பார்கள், அதுதான் ஹானிங். அப்போது சிலிண்டர் சுவரில் ஒன்றை ஒன்று வெட்டும் சாய்ந்த கோடுகள், பாய் பின்னலைப்போல விழும். அந்தக் கோடுகளின் பள்ளத்தில் ஆயில் தங்கும், முகடுகள் புது ரிங்கோடு உரசித் தேயும். இப்படி ரிங்கும் சுவரும் ஒன்றுக்கொன்று பொருந்தி உட்காருவதைத்தான் செட் ஆவது என்கிறோம். ரிங்கைச் சுவரோடு அழுத்துவது அதன் விறைப்பு மட்டுமல்ல. எரியும் வாயுவின் அழுத்தம் ரிங்குக்குப் பின்னால் புகுந்து அதை வெளியே தள்ளுகிறது. வண்டி இழுக்கும்போது அந்த அழுத்தம் நிறைய இருக்கும். ஐடிலில் மிகக் குறைவு. இரண்டு நாள் ஐடிலில் ஓடவிட்டால் ரிங் சரியாக அழுந்தாமல், சுவரில் தங்கும் ஆயில் சூட்டில் வெந்து வார்னிஷ்போல் படிந்துவிடும். அதன்பிறகு ஆயிரம் கிலோமீட்டர் ஓட்டினாலும், பத்தாயிரம் ஓட்டினாலும் ரிங் உட்காராது. மறுபடி பிரித்து ஹானிங் போடுவதுதான் வழி. எனக்கு நேர்மையாகப் போரிங் போட்டிருந்தால்கூட, அந்த இரண்டு நாள் ஐடிலே என்ஜினைக் கெடுத்திருக்கும்.

ஸ்டார்ட் செய்து நிறுத்தி வைத்தே ஓடவிடும் பழக்கத்துக்கு ஒரு பழைய காரணம் உண்டு. அம்பாசடரின் 1489 சிசி என்ஜின் போன்ற புஷ்ராடு என்ஜின்களில், வால்வைத் திறக்கவைக்கும் கேம்ஷாஃப்டும் டேப்பட்டும் புதிதாகப் போட்டால், முதல் இருபது நிமிடம் சுமார் 2,000 ஆர்பிஎம்மில் ஓடவிடுவார்கள். கேமுக்கு ஆயில் நன்றாகத் தெறிக்க வேண்டும் என்பதற்காக. அது இருபது நிமிடம், அதுவும் ரேஸ் பண்ணி. இரண்டு நாள் ஐடிலுக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை.

திண்டுக்கல் மெக்கானிக்கிடம் இரண்டாம் முறை வேலை நடந்தபோது கூடவே இருந்தேன். லேத்திலிருந்து பிளாக் வந்ததும் அவர் முதலில் செய்தது, வெந்நீரும் சோப்புத்தூளும் போட்டு பிரஷால் சிலிண்டரைத் தேய்த்துக் கழுவியது. மண்ணெண்ணெயில் கழுவினால் ஹானிங் கல்லின் பொடி கோடுகளுக்குள்ளேயே உட்கார்ந்துவிடும் என்றார். வெள்ளை வேட்டித் துணியில் ஆயில் தொட்டுத் துடைத்தார், சாம்பல் நிறம் வந்தது. மறுபடி கழுவினார். நான்காம் முறை துணி வெள்ளையாகவே வந்த பிறகுதான் பிஸ்டனைத் தொட்டார். ஒவ்வொரு ரிங்கையும் சிலிண்டருக்குள் வைத்து வாய் இடைவெளியை ஃபீலர் கேஜால் அளந்தார்.

ஸ்டார்ட் செய்யுமுன் ப்ளக்கைப் போடாமல், ஆயில் லைட் அணையும்வரை விட்டுவிட்டு செல்ப் அடித்தார். ஊற்றியது சாதாரண மினரல் 20டபிள்யூ-40. ரிங் உட்காரும்வரை சிந்தெடிக் வேண்டாம் என்றார். என்ஜின் பிடித்ததும் லீக், தண்ணீர், ஆயில் பார்த்து, சூடு ஏறிய உடனே ரோட்டுக்குக் கிளம்பிவிட்டோம். நத்தம் ரோட்டில் ஆள் நடமாட்டம் இல்லாத இடமாகப் பார்த்து, மூன்றாம் கியரில் 30-இலிருந்து 60 வரை நன்றாக மிதிக்கச் சொன்னார். பிறகு காலை எடுத்துவிட்டு, கியரிலேயே 30-க்கு இறங்க விடச் சொன்னார். மிதிக்கும்போது ரிங் சுவரோடு அழுந்தும். காலை எடுக்கும்போது உள்ளே வெற்றிடம் உண்டாகி, ஆயில் மேலேறி உரசிய பொடியைக் கழுவும். பன்னிரண்டு முறை செய்தோம். 40-ஐத் தாண்டவே பயந்து பழகிய காலுக்கு முதல் இரண்டு முறை மிதிக்க வரவே இல்லை.

அன்று சாயங்காலமே ஆயிலை இறக்கினார். வெயிலில் பார்த்தால் வெள்ளிப் பெயிண்ட் கலந்ததுபோல் மினுமினுத்தது. முதல் ஆயில் அப்படித்தான் இருக்கும். செம்பு நிறத்தில் துகள் வந்திருந்தால் பேரிங்கைப் பார்த்திருக்க வேண்டும் என்றார். பிறகு 500-இலும் 1,500-இலும் ஃபில்டரோடு மாற்றினோம், 500-இலேயே வால்வு இடைவெளியும் பார்த்தார். முதல் ஆயிரம் கிலோமீட்டரில் எனக்கு அவர் போட்ட தடைகள்: ஒரே வேகத்தில் நான்குவழிச் சாலையில் மணிக்கணக்காக ஓட்டாதே, டாப் கியரில் திணறவிடாதே, முழு ஆக்சிலேட்டரை அழுத்திப் பிடித்துக்கொண்டே போகாதே. 60, 70 போவதைப் பற்றி அவர் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

அதனால் சொல்கிறேன். வண்டி விடும்போதே பழைய பிஸ்டன், ரிங், பேரிங் எல்லாம் உங்கள் கைக்கு வர வேண்டும் என்று சொல்லிவிடுங்கள். பிளாக் லேத்திலிருந்து வந்த அன்று நேரில் போய் அந்தக் கோடுகளைப் பாருங்கள். பிஸ்டன் தலையில் இருக்கும் எண்ணைப் போட்டோ எடுங்கள். முதல் ஸ்டார்ட் உங்கள் கண் முன்னால்தான் நடக்க வேண்டும். எவ்வளவு நச்சரிப்பாகத் தெரிந்தாலும் பரவாயில்லை. ஜிஎஸ்டி எண்ணோடு பில் கேளுங்கள். எனக்குக் கொடுத்தது வெள்ளைத் தாளில் பேனாவால் எழுதிய கணக்கு. ஆனால் அதில் ‘50 பிஸ்டன் செட் 3, போரிங்’ என்று அவர் கையெழுத்திலேயே இருக்கிறது.

1915 நுகர்வோர் உதவி எண்ணில் முதலில் புகார் பதிந்தேன், ஓனர் பதில் தரவில்லை. மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் மனு கொடுத்திருக்கிறேன். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி இரண்டு ஆண்டுக்குள் கொடுக்கலாம், நாம் கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய்வரை என்றால் கட்டணம் கிடையாது, வக்கீல் இல்லாமலும் நாமே வாதாடலாம். வண்டி இப்போது 2,300 கிலோமீட்டர் ஓடிவிட்டது, ஆயில் கேஜில் அளவு இறங்கவில்லை. எண் இல்லாத மூன்று பிஸ்டன்களையும் துணிப்பையில் சுற்றி பீரோவில் வைத்திருக்கிறேன், அடுத்த வாய்தாவுக்கு எடுத்துப்போக வேண்டும்.