விரல் குத்தும் மீட்டர், கையில் ஒட்டும் சென்சார்: பல வருடம் பயன்படுத்தியதில் எனக்குத் தெரிந்தது

எனக்குச் சர்க்கரை நோய் வந்து வருடங்கள் ஆகிவிட்டன. விரலில் குத்திப் பார்க்கும் குளுக்கோமீட்டர் ஆரம்பம் முதலே இருக்கிறது, மேல்கையின் பின்பக்கம் ஒட்டும் சென்சார் பிறகுதான் வந்தது. எது நல்லது என்று நிறைய பேர் கேட்கிறார்கள். இரண்டும் வேண்டும், ஆனால் எதை எப்போது நம்பலாம் என்று தெரிந்திருக்க வேண்டும்.

முதலில் மீட்டரில் செருகும் ஸ்ட்ரிப். ரத்தம் பட்டதும் அதிலுள்ள நொதி (என்சைம்) குளுக்கோஸிடமிருந்து எலக்ட்ரான்களைப் பிடுங்குகிறது, இடையிலிருக்கும் ஒரு வேதிப்பொருள் அவற்றை மின்முனைக்குக் கொண்டுபோகிறது, அந்தச் சின்ன மின்னோட்டத்தைத்தான் மீட்டர் எண்ணாக்கிக் காட்டுகிறது. 1962-ல் அமெரிக்க விஞ்ஞானி லேலண்ட் கிளார்க் முன்வைத்த நொதி மின்முனைதான் இதற்கெல்லாம் மூலம். நொதி என்பதால் சூடும் ஈரமும் ஆகாது. கத்திரி வெயிலில் வண்டிக்குள் வைத்துவிட்டுப் போகாதீர்கள், டப்பா மூடியைத் திறந்து போடாதீர்கள். மாம்பழம் நறுக்கிய கையைக் கழுவாமல் குத்தினால் பழத்துச் சர்க்கரையும் சேர்ந்து எண் எகிறும், அதைப் பார்த்து மாத்திரையைக் கூட்டினால் ஆபத்து. சோப்புப் போட்டுக் கழுவி, நன்றாகத் துடைத்த பிறகு குத்துங்கள்.

லேபில் 200 என்று வந்தது, வீட்டில் 220 காட்டுகிறது, மீட்டர் கெட்டுப்போய்விட்டது என்று பலர் பதறுகிறார்கள். வீட்டு மீட்டர்களுக்கான சர்வதேசத் தரவிதியான ஐஎஸ்ஓ 15197-ன் 2013 பதிப்பே 100-க்கு மேல் 15 சதவீதம் வரை கூடக்குறைய இருக்கலாம் என்கிறது, அதாவது 170 முதல் 230 வரை. ரத்தசோகை இருப்பவர்களுக்குப் பல மீட்டர்கள் உள்ளதைவிடக் கூடுதலாகவே காட்டும். நம் வீட்டுப் பெண்களில் ரத்தசோகை உள்ளவர்கள் அதிகம் என்பதால் இதை டாக்டரிடம் கேட்டுக்கொள்வது நல்லது.

சரி, சென்சார். தோலுக்கடியில் மெல்லிய இழை ஒன்று இருக்கும், அது ரத்தத்தை அளப்பதில்லை, திசுக்களுக்கு இடையிலுள்ள திரவத்தை அளக்கிறது. அதனால் சர்க்கரை வேகமாக ஏறும்போதும் இறங்கும்போதும் சில நிமிடம் பின்தங்கித்தான் காட்டும், அந்த நேரத்தில் எண்ணைவிட, ஏறுகிறதா இறங்குகிறதா என்று காட்டும் அம்புக்குறியைப் பார்ப்பதுதான் பயன். நான் போடுவது 14 நாள் வரை வரும். முதல் நாள் எண்களை நான் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. அந்தக் கையை அழுத்திப் படுத்தால் நடுராத்திரியில் 60-க்குப் போய்விட்டதாக அலாரம் அடிக்கும், எழுந்து விரலில் குத்திப் பார்த்தால் எல்லாம் சரியாக இருக்கும். ஆனால் வியர்வையோ நடுக்கமோ இருந்தால் அப்படி விட்டுவிடக் கூடாது. வைட்டமின் சி அதிக அளவில் எடுத்தால் சில சென்சார்கள் கூட்டிக் காட்டும், வேறு சிலவற்றைப் பாராசிட்டமால் குழப்பும், வாங்கியதன் குறிப்புத்தாளைப் படித்துவிடுங்கள்.

இவ்வளவு குறை இருந்தும் என் சாப்பாட்டை மாற்றியது இந்தச் சென்சார்தான். இட்லிக்குப் பிறகு கோடு எவ்வளவு செங்குத்தாக ஏறுகிறது, இட்லியைக் குறைத்துச் சுண்டலோடு சாப்பிட்டால் எப்படித் தணிகிறது, ராத்திரி சாப்பிட்டுக் கொஞ்சம் நடந்தால் என்ன ஆகிறது என்பதையெல்லாம் கண்ணால் பார்த்த பிறகு யாரும் எனக்கு அறிவுரை சொல்ல வேண்டியிருக்கவில்லை. மூன்று மாத சராசரி எண் (HbA1c) இதைச் சொல்லவே சொல்லாது.

அப்புறம் இந்த நானோ விஷயம், அதாவது மிக மிக நுண்ணிய பொருட்களை வைத்துச் சென்சார் செய்வது. தங்க நானோ துகள், கார்பன் நானோகுழாய், கிராஃபீன் என்று செய்தி வந்துகொண்டே இருக்கிறது. மின்முனையின் பரப்பு கூடும், எலக்ட்ரான் எளிதாகக் கடக்கும், மிகக் குறைந்த அளவையும் பிடிக்கலாம், அதெல்லாம் உண்மை. ஆனால் குத்தாமல் வியர்வையை வைத்தே பார்க்கலாம் என்றால், அதில் இருக்கும் குளுக்கோஸ் ரத்தத்தில் இருப்பதில் ஏறத்தாழ நூறில் ஒரு பங்குதான், அதுவும் வியர்க்கும் வேகத்தைப் பொறுத்து மாறும். நொதியே வேண்டாம் என்று நிக்கல், காப்பர் ஆக்சைடு வைத்துச் செய்பவை பெரும்பாலும் காரக் கரைசலில்தான் நன்றாக வேலை செய்கின்றன, நம் ரத்தத்தின் பிஎச் 7.4, அவ்வளவு காரத்தன்மை அதில் இல்லை. 2001-ல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற, விரலில் குத்தாமல் அளக்கும் கைக்கடிகாரமான குளுக்கோவாட்ச் தோல் எரிச்சல் போன்ற சிக்கல்களோடு சந்தையை விட்டே போனது. குத்தாமலே சர்க்கரை பார்க்கும் என்று விற்கும் கைக்கடிகாரங்களையும் மோதிரங்களையும் நம்ப வேண்டாம் என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ 2024 பிப்ரவரியில் எச்சரித்தது. ஆன்லைனில் மலிவாகக் கிடைக்கிறது என்று அப்பாவுக்கோ அம்மாவுக்கோ அதை வாங்கிக் கொடுத்துவிடாதீர்கள், தயவுசெய்து.

சென்சார் விலை மாதாமாதம் கட்டுப்படியாகாது. மருந்து மாற்றும்போதும் டாக்டரைப் பார்க்கப் போவதற்கு முன்னும் மட்டும் ஒன்று போட்டுக்கொள்கிறேன், மற்ற நாட்களில் ஸ்ட்ரிப் போதும். இன்சுலின் போடுபவர்களுக்கு, அதிலும் ராத்திரி சர்க்கரை இறங்கும் பழக்கம் உள்ளவர்களுக்கு, இந்தக் கணக்கு பொருந்தாது. அவர்களுக்கு முடிந்தால் சென்சார் தொடர்ந்து இருக்கட்டும்.