ஏஜென்ட் எதைச் செய்யும்: பயன் கணக்கா, வாத வரைபடமா?

ஏஜென்ட் என்றால் தானே முடிவெடுத்துச் செயல்படும் நிரல். அப்படி ஒன்று இயக்கும், பொருள் சுமக்கும் ரோபோவின் முன் இரண்டு வழிகள். குறுக்கு வழிக்கு 40 விநாடி, சுற்று வழிக்கு 70. குறுக்கு வழி அடைபட்டிருந்தால் கூடுதலாக 90 விநாடி வீண்.

எதிர்பார்ப்புப் பயன் கணக்கு, அதாவது ஒவ்வொரு விளைவையும் அதன் வாய்ப்பால் பெருக்கிக் கூட்டுவது, இதை ஒரே வரியில் முடித்துவிடும். அடைப்புக்கான வாய்ப்பு 0.3 என்றால் குறுக்கு வழியின் சராசரி 40 + 0.3 × 90 = 67; அதிலேயே போகலாம். 0.35 ஆனால் 71.5; சுற்று வழிதான் மேல். எல்லாச் செலவையும் ஒரே அலகில் அளக்க முடிந்து, வாய்ப்பும் உண்மையான தரவிலிருந்து வந்தால் வேறு முறையே வேண்டாம். அந்த 0.3 வெறும் குத்துமதிப்பு என்றால்தான் சிக்கல்: 0.05 பிசகினாலே முடிவு புரளும். குறுக்கே ஆள் வரும் ஆபத்து எத்தனை விநாடிக்குச் சமம் என்பதற்கும் நேர்மையான விடை கிடையாது.

வாத வரைபடம் எண்ணைக் கேட்பதில்லை. கணினி அறிவியலாளர் ஃபான் மின் டுங் 1995இல் வகுத்த அமைப்பில் வாதங்கள் புள்ளிகள், தாக்குதல்கள் அம்புகள். 'குறுக்கே போ' என்பதை 'அங்கே கூட்டம்' வெட்டுகிறது. அதை 'கூட்டத்தைக் காட்டிய கேமரா படம் பழையது' வெட்டுகிறது. கடைசி வாதத்தை எதுவும் வெட்டாததால் முதல் வாதம் மீண்டும் எழுகிறது. ஏன் அப்படிப் போனாய் என்று கேட்டால் இந்தச் சங்கிலியையே காட்டலாம். இங்கே தலை எண்ணிக்கை செல்லாது: பத்து வாதங்கள் ஆதரித்தாலும் வெட்டப்படாத ஒரு தாக்குதல் போதும். இதில் எடை போட்டுக் கூட்டப் புகுந்தால், ஒரே கேமராவிலிருந்து வந்த மூன்று வாதங்கள் மூன்று சாட்சிகளாகிவிடும்.

பலரும் சறுக்குவது, எல்லா வாதத்துக்கும் ஒரே ஏற்பு விதியை (எந்த வாதங்களை ஏற்கலாம் என்று சொல்லும் விதியை) வைப்பதில். 'குறுக்கே போ', 'சுற்றிப் போ' இரண்டும் ஒன்றையொன்று வெட்டும். எச்சரிக்கையான கிரவுண்டட் விதி (வேகமானதும்கூட), எதுவும் வெட்டாத வாதங்களையும் அவை காப்பாற்றும் வாதங்களையும் மட்டுமே ஏற்கும்; ஆகவே இரண்டையும் ஏற்காது, ரோபோ நின்றுவிடும். பிரிஃபர்ட் விதி, தமக்குள் வெட்டிக்கொள்ளாமல் தம்மைத் தாமே காத்துக்கொள்ளும் வாதங்களின் மிகப் பெரிய தொகுதிகளைத் தேடும்; இங்கே இரண்டு தொகுதிகளைத் தரும், ஒன்றைத் தேர்ந்துகொள்ளலாம். செயலுக்கு அது சரி. அதே சலுகையை உண்மைக்கும் கொடுத்தால், 'அடைபட்டது', 'அடைபடவில்லை' என்பவற்றில் தனக்குப் பிடித்ததை ஏஜென்ட் நம்பத் தொடங்கும். ஆகவே உண்மைகளை கிரவுண்டட் விதியில் முதலில் தீர்த்துவிட்டு, செயல்களுக்கு பிரிஃபர்ட் விதியை வையுங்கள்.

எந்தத் தொகுதி என்பதை கணினி அறிவியலாளர் பெஞ்ச்-கேப்பன் 2003இல் முன்வைத்த மதிப்பு வரிசை தீர்க்கும்: பாதுகாப்பு நேரத்துக்கு மேல் என்றால், நேரத்தைச் சொல்லும் வாதத்தால் பாதுகாப்பு வாதத்தை வெட்ட முடியாது. உண்மை எல்லா மதிப்புக்கும் மேலே இருக்க வேண்டும். ஒரே மதிப்புள்ள செயல்கள் மிஞ்சினால் அப்போது பயன் கணக்கைக் கூப்பிடலாம். விநாடியை விநாடியோடு ஒப்பிட அதுவே சிறந்தது.

மூன்று வாதங்கள் வட்டமாக (முதலாவது இரண்டாவதை, அது மூன்றாவதை, அது முதலாவதை) வெட்டினால் பிரிஃபர்ட் விதியிலும் வெற்றுத் தொகுதிதான் மிஞ்சும். அதற்கென்று 'ஓரமாக நில்' போன்ற மாற்றுச் செயலை முன்பே எழுதி வைக்க வேண்டும்.