ஏற்காடு ஏறும் சொகுசு கார்: மைலேஜா, பவரா?

சேலம் கடல் மட்டத்திலிருந்து சுமார் 280 மீட்டர் உயரம், ஏற்காடு சுமார் 1,500 மீட்டர். நடுவில் 20 கொண்டை ஊசி வளைவுகள். சொகுசு கார் கம்பெனிகள் மைலேஜைப் பார்க்க வேண்டுமா, பவரைப் பார்க்க வேண்டுமா என்று கேட்டால், இந்த ஒரு மலைப்பாதையை வைத்தே பதில் சொல்லிவிடலாம்.

முதலில் கணக்கு. ஆட்களோடு சேர்த்து இரண்டு டன் எடையுள்ள கார், நூற்றுக்கு ஆறு என்ற ஏற்றத்தில் மணிக்கு 40 கி.மீ. வேகத்தில் போகச் சக்கரத்தில் தேவைப்படுவது ஏறத்தாழ 22 குதிரைத்திறன். முன்னால் போகிற பஸ்ஸை முந்த 30-லிருந்து 60-க்கு நாலு நொடியில் வர வேண்டுமானால் சுமார் 100. கியர்பாக்ஸில் வீணாவதையும் சேர்த்தால் எஞ்சின் 120 கொடுத்தால் போதும். சொகுசு கார்களில் சின்ன எஞ்சினிலேயே இதற்கு மேல் இருக்கிறது. 500 குதிரைத்திறன் இருந்தாலும் அடுத்த வளைவுக்குள் அதைப் பயன்படுத்த இடம் கிடையாது. வளைவில் வேகம் 15-க்கு இறங்கி, மறுபடி மிதிக்கும்போது 1,500 ஆர்.பி.எம்-லேயே (எஞ்சின் நிமிடத்துக்கு 1,500 சுற்று சுற்றும்போதே) இழுவை கிடைக்கிறதா என்பதுதான் இங்கே பிக்கப்.

பெரிய டர்போ பெட்ரோல்

இழுவைக்குக் குறையில்லை. மேலே போகப்போகக் காற்று மெலிந்தாலும், காற்றை அழுத்தி எஞ்சினுக்குள் அனுப்பும் டர்போ அதை ஈடுகட்டிவிடும். டர்போ இல்லாத எஞ்சின் ஏற்காட்டுக்குப் போவதற்குள் சேலத்தில் இருந்த பலத்தில் பத்தில் ஒரு பங்கை இழந்திருக்கும்.

செலவு? இரண்டு டன்னை 1,200 மீட்டர் தூக்கவே 6.5 யூனிட் (கிலோவாட் மணி) ஆற்றல் வேண்டும். பெட்ரோலில் இருக்கும் ஆற்றலில் கால் பங்குக்குச் சற்று மேல்தான் சக்கரத்துக்கு வரும். உருளும் தடை, காற்றுத் தடை எல்லாம் சேர்த்தால் மலை ஏறும் சுமார் 20 கி.மீ.க்கு மூன்றேகால் லிட்டர், அதாவது லிட்டருக்கு ஆறு கி.மீ. ஆனால் வாங்குகிறவரின் பணக் கணக்கு வேறு. வருடம் 10,000 கி.மீ. ஓடும் காரில் மைலேஜ் 10-லிருந்து 16 ஆனால் மிச்சம் 375 லிட்டர். லிட்டர் நூறு ரூபாய் என்று வைத்தாலும் 37,500 ரூபாய். 70 லட்சம் போட்டவர் இதற்காகக் காரை மாற்ற மாட்டார். ஆகவே 'காசு மிச்சம்' என்று சொல்லி மைலேஜை விற்க முடியாது.

டீசல்

இரண்டு லிட்டர் டீசல் 1,750 ஆர்.பி.எம். வாக்கிலேயே 400 நியூட்டன் மீட்டர் டார்க் (சுழற்றும் விசை) தருகிறது. ஏறுவதற்கு இதைவிட எளிய வழி இல்லை, மைலேஜும் வரும். சிக்கல் கரிப்புகை வடிகட்டியில், அதாவது டி.பி.எஃப்-இல். அதில் சேரும் கரி எரிய வேண்டுமானால் புகைபோக்கி சூடாக இருக்க வேண்டும். சேலம் ஐந்து ரோடு நெரிசலில் மட்டும் ஓடும் வண்டியிலும், ஆக்சிலேட்டரில் கால் வைக்காமலே மலை இறங்கும் வண்டியிலும் அந்தச் சூடு வராது. கரி எரிப்பு பாதியில் நின்றால், அதற்காகச் செலுத்திய டீசல் போய் எஞ்சின் ஆயிலில் கலந்து, டிப்ஸ்டிக்கில் ஆயில் மட்டம் ஏறும். டி.பி.எஃப் எச்சரிக்கை விளக்கு எரிந்ததும் கிருஷ்ணகிரி ரோட்டில் 2,000 ஆர்.பி.எம்-க்கு மேல் வைத்து இருபது நிமிடம் நிறுத்தாமல் ஓட்டினால் பெரும்பாலும் சரியாகிவிடும். மட்டம் ஏறியிருந்தால் ஆயிலையும் மாற்றியாக வேண்டும்.

ஹைபிரிட்

பெட்ரோல் எஞ்சினும் மின் மோட்டாரும் சேர்ந்து ஓட்டும் லெக்சஸ் இ.எஸ். 300எச் போன்றவை. ஊருக்குள் இதற்கு நிகர் கிடையாது, சிக்னலில் எஞ்சின் அணைந்தே கிடக்கும். மலையில்தான் இதன் குணம் மாறுகிறது. ஏறும்போது பேட்டரி சீக்கிரம் வற்றிவிடும். பிறகு பெட்ரோல் எஞ்சின் மட்டும் உயர்ந்த ஆர்.பி.எம்-இல் ஒரே சுருதியில் கத்திக்கொண்டே இழுக்கும். இறங்கும்போது மோட்டார் பிரேக் பிடித்து, மின்சாரமாகத் திரும்பக் கிடைக்கக்கூடியது நாலு யூனிட் அளவு. இந்தப் பேட்டரியின் மொத்தக் கொள்ளளவே இரண்டு யூனிட்டுக்குள்தான், அதிலும் ஒரு பகுதிதான் பயன்பாட்டுக்கு. முதல் சில வளைவுகளிலேயே அது நிரம்பிவிடும். அதன்பின் கார் தன் எஞ்சினைச் சுழற்றிப் பிரேக்காக்கும். காலை எடுத்த பிறகும் எஞ்சின் உறுமும். பழுது என்று பயந்து நிறுத்த வேண்டாம். கியர் லீவரில் எஞ்சின் பிரேக்குக்கான 'B' நிலை (பார்க்கிங்குக்கான 'P' அல்ல) உள்ள ஹைபிரிட்களில் அதில் வைத்து இறங்குவதே முறை.

பிளக்-இன் ஹைபிரிட்

பெரிய பேட்டரியை வெளியிலிருந்து சார்ஜ் போடக்கூடிய ஹைபிரிட் இது. மைலேஜ், பவர் இரண்டையும் தருகிறோம் என்று கம்பெனிகள் சொல்வது இதை வைத்துத்தான். இதில் எனக்கு உடன்பாடில்லை. 2024-இல் வந்த பி.எம்.டபிள்யூ எம்5 எடை 2,435 கிலோ, முந்தைய தலைமுறையைவிட 400 கிலோவுக்கு மேல் அதிகம். மெர்சிடிஸ் சி63, நாலு லிட்டர் வி8-ஐ விட்டுவிட்டு இரண்டு லிட்டர் நாலு சிலிண்டரும் மோட்டாருமாக 680 குதிரைத்திறனுக்குப் போனது. அதன் எடையும் இரண்டு டன்னைத் தாண்டியது. சார்ஜ் போடாத நாளில் அந்தக் கூடுதல் எடையைத் தூக்கவே ஏற்காட்டுக்கு ஒரு முறைக்கு அரை லிட்டருக்கு மேல் போகும். நிஜச் சாலையில் இவற்றின் கரியமிலப் புகை, சோதனைக்கூடக் கணக்கைவிடச் சராசரியாக மூன்றரை மடங்கு என்று 2024-இல் ஐரோப்பிய ஆணையமே சொன்னது. ஐரோப்பாவில் கம்பெனி விற்கும் கார்களின் சோதனைக்கூடக் கரியமிலப் புகைச் சராசரி, வரம்பைத் தாண்டினால் ஒரு காருக்கு, கி.மீ.க்குக் கூடும் ஒவ்வொரு கிராமுக்கும் 95 யூரோ அபராதம். அந்தச் சட்டத்துக்காகச் செய்த ஏற்பாட்டின் சுமையை வாங்குகிறவர் மலைமேல் இழுத்துக்கொண்டு போகிறார்.

மின்சாரக் கார்

நின்ற இடத்திலிருந்தே முழு டார்க். சேலத்திலிருந்து ஏறிப்போக 11 யூனிட் அளவு செலவாகும், இறங்கும்போது நாலு யூனிட் வரை திரும்பும். பிரேக் பேடு அதிகம் தேயாது. ஒரே எச்சரிக்கை: ஏற்காட்டு பங்களாவில் நூறு சதவீதம் சார்ஜ் போட்டுவிட்டுக் கிளம்பக் கூடாது. நிரம்பிய பேட்டரிக்குள் ஆற்றலைத் தள்ள முடியாது, அதனால் மோட்டார் பிரேக் பிடிக்காது, பாரம் முழுவதும் டிஸ்க்குகள் மேல் விழும். 80 சதவீதத்தோடு நிறுத்துங்கள்.

மைலேஜ் பக்கம் நான் சாய்வதற்குக் காரணம் இந்த வரிசையிலேயே இருக்கிறது. அடி ஆர்.பி.எம். இழுவை, குறைந்த எடை, வீணாகும் ஆற்றலைத் திரும்பப் பிடிப்பது — மைலேஜுக்காகச் செய்யும் இந்த மூன்றுமே மலையில் நல்ல ஓட்டமாகவும் மாறுகின்றன. உச்ச பவருக்காகச் செய்பவை அப்படி மாறுவதில்லை. 20 அங்குல ரிம்மில் போட்ட, பக்கச்சுவர் உயரம் குறைந்த டயர் ஒரு குழியில் இறங்கினால் பக்கவாட்டில் வீங்கிவிடலாம். பெரிய டிஸ்க் பிரேக் மட்டும் விதிவிலக்கு. அதைப் பவர் கார்களோடு நிறுத்தாமல் எல்லா மாடலிலும் தர வேண்டும்.

மைலேஜ் பெயரில் செய்யும் தவறும் உண்டு. எக்கோ மோடில் சில கார்கள், காலை எடுத்ததும் எஞ்சினைச் சக்கரத்திலிருந்து கழற்றி உருளவிடும். நெடுஞ்சாலையில் நல்லது, மலை இறக்கத்தில் ஆபத்து. கியரில் இறங்கினால் எப்படியும் எரிபொருள் ஊசி (இன்ஜெக்டர்) மூடித்தான் இருக்கும், செலவு பூஜ்யம். எக்கோவை அணைத்து, ஸ்டீயரிங்குக்குப் பின்னால் இருக்கும் கியர் பேடிலால் இரண்டாம் கியரில் வைத்து இறங்குங்கள். பிரேக் ஆயிலை இரண்டு வருடத்துக்கு ஒரு முறை மாற்றுங்கள். ஈரம் ஏறிய டாட் 4 ஆயில் 155 டிகிரியிலேயே கொதிக்கலாம், புதியது 230 வரை தாங்கும்.

ஷோரூமில் டெஸ்ட் டிரைவ் என்றால் பைபாஸில் ஒரு சுற்று விடுவார்கள். அதை ஏற்காதீர்கள். நாலு பேரை ஏற்றி, ஏ.சி. போட்டு, அடிவாரத்திலிருந்து ஏற்காட்டு ஒண்டிக்கடை வரை ஓட்டிப் பார்க்கக் கேளுங்கள். திரும்பி இறங்கியதும் பக்கத்தில் போய் முகர்ந்து பாருங்கள், பிரேக் பேடு கருகிய வாடை வந்தால் அந்தக் கார் வேண்டாம்.