கியூஎமு: போர்டு கைக்கு வருமுன் ஃபர்ம்வேரைச் சோதிக்க

பினாங்கின் பாயான் லெப்பாஸில் ஃபர்ம்வேர் (கருவிகளுக்குள்ளேயே பதிந்து ஓடும் மென்பொருள்) எழுதுகிறவர்களுக்கு, சிப் பொருத்திய மாதிரி மின்சுற்றுப் பலகையான போர்டுக்காகக் காத்திருப்பது பழகிப்போன ஒன்று. வருவதே சில போர்டுகள். அவற்றையும் வன்பொருள் குழுவினர் முதலில் எடுத்துக்கொள்வார்கள். அந்த இடைக்காலத்தில் எங்களுக்குக் கைகொடுப்பது, ஃபாப்ரிஸ் பெல்லார்டு 2003இல் வெளியிட்டு, இன்று பலர் சேர்ந்து வளர்த்துவரும் கியூஎமு என்னும் திறமூல எமுலேட்டர், அதாவது வேறொரு வன்பொருளை நம் கணினியிலேயே பாவனை செய்யும் மென்பொருள். இதற்கு ஒரு ரிங்கிட்கூடச் செலவில்லை. ஆர்ம், ரிஸ்க்-ஃபைவ் செயலிகளுக்காக எழுதப்பட்ட கட்டளைகளை, ஓடும்போதே நம் மடிக்கணினியின் செயலிக்கு ஏற்றபடி மாற்றித் தருவதால், சிறிய இயங்குதளங்கள் கண்மூடித் திறப்பதற்குள் எழுந்து நிற்கின்றன.

சிறு கருவிகளுக்கான ஸெஃபிர் இயங்குதளத்தில், ஆர்மின் சிறிய செயலிகளில் ஒன்றான கார்டெக்ஸ்-எம்3க்கான கியூஎமு போர்டைத் தேர்ந்தெடுத்தால், ஒரே கட்டளையில் நிரல் தொகுக்கப்பட்டு ஓடத் தொடங்கும். அது பாவனை செய்யும் சிப்பில் 256 கிலோபைட் ஃபிளாஷும் 64 கிலோபைட் ரேமும் மட்டுமே என்பதால், நினைவகத்தைத் தாராளமாக அள்ளி விடுகிற நிரல் அங்கேயே பிடிபடும். செயலியை முதல் கட்டளையிலேயே நிறுத்திவைத்து, 1234ஆம் போர்ட் வழியாக ஜிடிபி என்னும் பிழைதேடும் மென்பொருளை இணைத்து, வரிவரியாக நகர்த்திப் பார்க்கும் இந்த ஒரு வசதிக்காகவே இதைப் பரிந்துரைப்பேன். இதற்கெனத் தனியாக டீபக்கர் கருவி வாங்க வேண்டியதில்லை. (முனையத்தில் ஓடும்போது வெளியேற கன்ட்ரோல்-ஏ அழுத்திவிட்டு எக்ஸ் அழுத்த வேண்டும். புதியவர்கள் இது தெரியாமல் முனையத்தையே மூடிவிடுகிறார்கள்.)

குறைகளைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். சிப்பிலுள்ள எல்லாத் துணைக்கருவிகளையும் கியூஎமு பாவனை செய்வதில்லை. பல இடங்களில் வெறும் முகவரி மட்டும் ஒதுக்கப்பட்டிருக்கும். எழுதினால் கண்டுகொள்ளாது, படித்தால் சுழியம் தரும். ஒரு பிட் ஒன்றாக மாறும்வரை காத்திருக்கும் டிரைவர் (துணைக்கருவியை இயக்கும் நிரல்) அங்கே முடிவில்லாமல் சுற்றும். அதையாவது உடனே கவனித்துவிடலாம். சுழியமாகும்வரை காத்திருக்கும் டிரைவரோ தடையின்றித் தாண்டிப்போய், சோதனை வெற்றி என்று காட்டிவிடும். ஆகவே பாவனை செய்யப்படாத கருவிகளைப் பதிவுசெய்யும் தெரிவை எப்போதும் இயக்கிவைப்பது நல்லது. நேரக் கணக்கையும் நம்ப முடியாது. கட்டளை எண்ணிக்கையைக் கொண்டு கடிகாரத்தை நகர்த்தும் ஐகவுன்ட் தெரிவு ஒவ்வொரு ஓட்டத்தையும் ஒரேமாதிரி அமைக்க உதவுமே தவிர, உண்மையான சிப் எத்தனை மைக்ரோவினாடி எடுக்கும் என்பதைச் சொல்லாது. மோட்டார் கட்டுப்பாடு, மின்சிக்கனம் போன்றவற்றுக்கு அசல் போர்டைத் தவிர வேறு வழியில்லை.

பணிகளைத் திட்டமிடல், தரவு வரிசைகள், தொடர்பு நெறிமுறை அலசல், கோப்பு முறைமை ஆகியவற்றை ஒவ்வொரு இரவும் தானாகச் சோதிக்க நினைக்கும் குழுக்களுக்கு கியூஎமு தாராளமாகப் போதும். பல கருவிகள் கம்பியில்லா வலையமைப்பில் ஒன்றோடொன்று பேசும் அமைப்பென்றால், அதற்கென்றே வசதி வைத்திருக்கும் ரெனோட் என்னும் மற்றோர் எமுலேட்டரை முதலில் பார்ப்பது நேரத்தை மிச்சப்படுத்தும்.